பல்லைப் பிடித்துப் பார்க்கட்டும்: பழைய அலுவலக மேசை நாற்காலிகளைக் கொடுக்கும் முறை

“வாடகை ஒப்பந்தம் முடியப் பத்து நாள்தான் இருக்கிறது. 120 நாற்காலி, 60 மேசை. யாரிடமாவது கொடுத்துவிடலாமா?” ஆண்டுக்கு நாலைந்து பேராவது என்னிடம் இப்படிக் கேட்கிறார்கள். பெரும்பாலும் பழைய மகாபலிபுரம் சாலையிலோ கிண்டி, அம்பத்தூர் தொழிற்பேட்டைகளிலோ ஏதாவது ஒரு அலுவலகத்தின் நிர்வாகப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்கள். நல்ல மனத்தோடுதான் கேட்கிறார்கள். ஆனால் பத்து நாளில் நடக்கக்கூடியது ஒன்றுதான்: காயலான் கடைக்கு ஆள் அனுப்புவது.

காயலான் கடைக்காரரை நான் குறை சொல்லவில்லை. இரும்பும் அலுமினியமும் அவரால்தான் மறுபடி உலைக்குப் போகின்றன. ஆனால் அலுவலக மேசையில் இரும்பு கொஞ்சம்தான். மேல்பலகை பெரும்பாலும் மரத்தூளைப் பசையிட்டு அழுத்திச் செய்த துகள்பலகை. நாற்காலியின் இருக்கையில் பஞ்சு போலிருப்பது பாலியூரித்தேன் நுரை. இவற்றுக்கு விலை இல்லை. கழற்றிய இடத்திலேயே கிடக்கும், அல்லது குப்பை வண்டி ஏறும். தென்சென்னையின் குப்பை பல்லாண்டுகளாகக் கொட்டப்பட்ட பெருங்குடிக் கிடங்கு, பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டியே இருக்கிறது. உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்குத் தரப்படும் ராம்சர் தகுதி அந்தச் சதுப்பு நிலத்துக்கு 2022இல் கிடைத்தது. அதே ஆண்டு ஏப்ரல் இறுதியில் கிடங்கில் பிடித்த தீ பல நாள் புகைந்தது. உட்கார்ந்து எழுதத் தகுதியான ஒரு மேசை அங்கே போவதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. அதே சதுப்பு நிலத்தைச் சுற்றியுள்ள தெருக்களில், தரையில் அமர்ந்து தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

இந்த வழிகாட்டி சென்னையை மனத்தில் வைத்து எழுதியது. மற்ற ஊர்களில் இடங்களும் எண்களும் மாறும், வேலையின் வரிசை மாறாது.

முதல் அடி: எட்டு வாரம் முன்பே தொடங்குங்கள்

இடம் மாறப்போவது முடிவான நாளிலேயே வேலை தொடங்க வேண்டும். பட்டியல் எடுக்க ஒரு வாரம், பெறுபவர்களைத் தேடிப் பேச மூன்று வாரம், காகிதங்களுக்கு இரண்டு வாரம், கழற்றி ஏற்றி இறக்க ஒரு வாரம், எதிர்பாராத தடங்கலுக்கு ஒரு வாரம். இதைச் சுருக்கினால் அடிபடுவது பெறுபவர்களோடு பேசும் நேரம்தான். அதைத்தான் சுருக்கவே கூடாது.

மாதத்தையும் பாருங்கள். ஏப்ரல் பாதியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை பள்ளிகளில் கோடை விடுமுறை, பொருளை வாங்கி வைக்க ஆள் இருக்காது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. துகள்பலகை ஒரு முறை நன்றாக நனைந்தால் ஊதிவிடும், காய்ந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பாது. மழைக்காலத்தில் அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால் மூடிய வண்டி, அல்லது இரண்டு அடுக்குத் தார்ப்பாய்.

இரண்டாம் அடி: கணக்கெடுப்பு

ஒரு தாளில் இவ்வளவும் இருக்கட்டும்: பொருள், எண்ணிக்கை, நீளம் அகலம் உயரம், நிலை, ஒரு படம், எந்தத் தேதிக்குப் பிறகு எடுத்துக்கொள்ளலாம். அளவுகளை அடி, அங்குலத்தில் எழுதுங்கள். படிப்பகம் நடத்துபவரும் அவர் ஊர்த் தச்சரும் அப்படித்தான் கணக்குப் போடுவார்கள்.

நிலையை மூன்றாகப் பிரித்தால் போதும். அப்படியே பயன்படுவது, சிறு பழுது உள்ளது, உதிரிக்கு மட்டும் உதவுவது. ஒவ்வொரு பொருளையும் தொட்டுப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து நெம்புகோலை இழுத்து மேலே ஏற்றுங்கள், ஐந்து நிமிடம் அப்படியே இருங்கள். மெல்ல மெல்லக் கீழே இறங்கினால் நடுத்தண்டில் உள்ள வாயு உருளை போய்விட்டது. அதை மாற்றலாம். ஆனால் பழையதைத் துளைக்கவோ சூடாக்கவோ யாரையும் விடாதீர்கள், உள்ளே வாயு அழுத்தத்தில் இருக்கிறது. நாற்காலியைக் கவிழ்த்து ஐந்து கால்களிலும் வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். கீறல் விட்ட நைலான் கால் ஒருவரைக் கீழே தள்ளிவிடும், அது நேரே மூன்றாம் வகை. துணி உறையிட்ட இருக்கையின் தையல் ஓரங்களில் மூட்டைப்பூச்சி இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள்.

மேசையில் பார்க்க வேண்டிய இடம் அடி ஓரம். தினமும் தரை துடைக்கும் ஈரம் அங்கேதான் ஏறும். ஊதியிருந்தால் அந்தப் பலகை இன்னொரு பயணத்தைத் தாங்காது.

புதியவர்கள் எப்போதும் தவறவிடும் ஒன்று உண்டு. நான்கு பேர் எதிரெதிரே அமரும் கூட்டு மேசைகளில் நடுக்கால் பொதுவானது. பட்டியலில் ‘மேசை 4’ என்று எழுதி இரண்டு இடங்களுக்குப் பிரித்தனுப்பினால், ஒரு இடத்துக்குக் காலில்லாத பலகைதான் போய்ச் சேரும். அவற்றை ஒரு தொகுதியாகவே எழுதுங்கள், அல்லது கூடுதல் கால் செய்ய எவ்வளவு ஆகும் என்று வெல்டிங் பட்டறையில் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

கணினி, திரை, பிரிண்டர், யுபிஎஸ் எதுவும் இந்தப் பட்டியலில் வரக் கூடாது. 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ள மின்கழிவு மேலாண்மை விதிகளின்படி, பெரிய அளவில் மின்பொருள் பயன்படுத்தும் நிறுவனங்கள் தங்கள் மின்கழிவைப் பதிவுபெற்ற உற்பத்தியாளர், புதுப்பிப்போர், மறுசுழற்சியாளர் ஆகியோரிடம் மட்டுமே ஒப்படைக்க வேண்டும். அது தனி வேலை, தனிக் கோப்பு.

மூன்றாம் அடி: என்ன வேண்டும் என்று கேளுங்கள்

தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்று நம்மிடம் ஒரு பழமொழி இருக்கிறது. இந்த வேலையில் அதைத் தலைகீழாக்க வேண்டும். வாங்குகிறவர் வரட்டும், உட்கார்ந்து பார்க்கட்டும், இழுப்பறையை இழுத்துப் பார்க்கட்டும், வேண்டாததை வேண்டாம் என்று சொல்லட்டும். அப்படிச் சொல்வது அவருக்கு எளிதாக இருக்கும்படி நடந்துகொள்வது கொடுப்பவரின் பொறுப்பு.

இதை நான் பட்டுத்தான் கற்றேன். முதல் முறை, அடியில் சக்கரம் வைத்த 40 அலுவலக நாற்காலிகளை ஒரு தொடக்கப் பள்ளிக்கு அனுப்பினேன். தலைமையாசிரியர் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டார், படமும் எடுத்தோம். மூன்று மாதம் கழித்து வேறு வேலையாக அந்தப் பக்கம் போனபோது, நாற்காலிகள் அத்தனையும் தாழ்வாரத்தில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடந்தன. பிள்ளைகள் அவற்றில் ஏறி உருட்டி விளையாடியதில் ஒரு சிறுமிக்கு முழங்கையில் அடி. மூலையில் அடுக்கிவிட்டு, யாரிடம் தள்ளுவது என்று தெரியாமல் இருந்தார்கள். தலைமையாசிரியர் அம்மாவிடம் மன்னிப்புக் கேட்டேன். “நீங்கள் கேட்டிருந்தால் இரண்டு பீரோ வேண்டும் என்று சொல்லியிருப்பேன்” என்றார். எங்கள் அலுவலகத்திலிருந்து அதே வாரம் எட்டு இரும்பு பீரோக்கள் எடைக்குப் போயிருந்தன.

அன்றிலிருந்து என் முதல் கேள்வி, “உங்களிடம் இப்போது எது பற்றாக்குறை?” என்பதுதான். எங்களிடம் இருப்பதைப் பிறகுதான் சொல்வேன். கையிருப்பை முதலில் சொன்னால் எல்லாவற்றுக்கும் ‘சரி’ என்றே பதில் வரும். கொடுப்பவர் மனம் கோணக் கூடாது என்று நினைப்பார்கள், அடுத்த முறை கிடைக்காமல் போய்விடுமோ என்று பயப்படுவார்கள்.

யாரைக் கேட்பது? அலுவலகத்திலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் தொடங்குங்கள். வண்டிச் செலவு குறையும், பிறகு போய்ப் பார்க்கவும் முடியும். நான் வழக்கமாகத் தேடிப்போகும் இடங்களைச் சொல்கிறேன்.

படிப்பகங்களும் போட்டித் தேர்வுப் பயிற்சி வட்டங்களும்தான் அலுவலக மேசை நாற்காலிகளுக்கு மிகப் பொருத்தமானவை. வளர்ந்த பிள்ளைகள், நீண்ட நேரம் அமர்ந்து படிப்பவர்கள். அலுவலக மேசையின் உயரம் சுமார் இரண்டரை அடி, அது அவர்களுக்குச் சரியாக இருக்கும். வட்டாரத்து இளைஞர் மன்றங்களும் அம்பேத்கர் மன்றங்களும் நடத்தும் மாலை வகுப்புகள் இந்த வகையில் அடங்கும். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகங்களில் தன்னார்வப் பயிலும் வட்டங்கள் நடக்கின்றன, அங்கே விசாரித்தால் தெருவில் தனியாக நடக்கும் குழுக்களையும் அவர்கள் காட்டுவார்கள். சக்கரம் தொல்லை என்றால் அதைப் பிடுங்கிவிட்டு, அதே துளையில் பொருந்தும் நிலையான குமிழ்க்கால் போட்டுக் கொடுங்கள். சக்கரத் தண்டு பெரும்பாலும் 11 மில்லிமீட்டர், ஆனாலும் அளந்துவிட்டே வாங்குங்கள்.

அரசுப் பள்ளி என்றால் தலைமையாசிரியரிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவிடமும் பேசுங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அந்தக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோர், எந்த வகுப்பில் என்ன குறை என்பது அவர்களுக்குத் தெரியும். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் நம் மேசைகள் உதவும். சின்ன வகுப்புகளுக்கு உதவாது. அவர்களுக்குப் புத்தக அலமாரி, வெள்ளைப் பலகை, பீரோ கொடுக்கலாம். மேசைகளுக்கு நடுவே நிற்கும் துணி ஒட்டிய தடுப்புப் பலகையை யாரும் கேட்க மாட்டார்கள், நாமும் எறிந்துவிடுவோம். ஆனால் சட்டத்தோடு சுவரில் மாட்டினால் பிள்ளைகளின் படங்களைக் குத்தி வைக்க அருமையான பலகை. அரசுப் பள்ளிகளுக்கு உதவ விரும்புவோருக்காகத் தமிழ்நாடு அரசு 2022 டிசம்பரில் ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தைத் தொடங்கியது. அக்கம்பக்கத்தில் அறிமுகம் இல்லாதவர்கள் அந்த வழியாகப் போகலாம்.

மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்புகளுக்குப் பெரும்பாலும் பூட்டக்கூடிய அலமாரியும் ஒரு பெரிய மேசையும் தேவைப்படும், கணக்கு நோட்டுகளை வைக்க. முதியோர் இல்லங்களுக்குக் கைப்பிடியுள்ள, சக்கரமில்லாத நாற்காலிகள். வரவேற்பறைச் சோபா தாழ்வாக இருக்கும், வயதானவர்களால் எழ முடியாது, அதை அங்கே தள்ளாதீர்கள். கிளை நூலகம் என்றால் நூலகர் விரும்பினாலும் மாவட்ட நூலக அலுவலரின் ஒப்புதல் தேவைப்படலாம், அதற்கும் நாள் ஒதுக்குங்கள்.

உங்கள் கட்டடத்துக்குள்ளேயும் பாருங்கள். துப்புரவுப் பணியாளர்கள், காவலர்கள், தேநீர் கொடுப்பவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு மேசை தேவைப்படும், ஆனால் அவர்களாகக் கேட்க மாட்டார்கள். நீங்கள் கேளுங்கள். கொடுத்தால் பெயர் எழுதி முத்திரையிட்ட கடிதமும் சேர்த்துக் கொடுங்கள். கடிதம் இல்லாமல் நாற்காலியோடு வெளியே போன ஒரு பெண்ணை வாயிலில் நிறுத்தி ஒரு மணி நேரம் விசாரித்ததை நான் பார்த்திருக்கிறேன். அந்த அவமானம் நம் கவனக்குறைவால் வந்தது.

நான்காம் அடி: காகிதங்கள்

இதை முடிக்காமல் ஒரு நாற்காலிகூட லிஃப்டில் ஏறக் கூடாது. முதலில் உங்கள் கணக்குப் பிரிவில் கேளுங்கள்: பொருள் நிறுவனத்துடையதா, வாடகைக்கு எடுத்ததா, கட்டட உரிமையாளருடையதா? நிறுவனத்துடையது என்றால் சொத்துப் பதிவேட்டிலிருந்து நீக்க எழுத்தில் ஒப்புதல் வேண்டும்.

வரியைப் பற்றி மேலாளர்களிடம் பொய்யான நம்பிக்கை கொடுக்காதீர்கள். 80ஜி என்று எல்லோரும் அறிந்த வருமான வரிச் சலுகை பணமாகக் கொடுக்கும் நன்கொடைக்கு மட்டும்தான், பொருளுக்கு இல்லை. நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு நிதி (சிஎஸ்ஆர்) கணக்கிலும் பழைய மேசைக்கு ஒரு விலை போட்டுக் காட்ட முடியாது. பொருளாகக் கொடுப்பதைப் பணமாக்கிக் காட்டக் கூடாது என்று கம்பெனி விவகார அமைச்சகம் 2021 ஆகஸ்ட் விளக்கத்திலேயே சொல்லிவிட்டது. ஜிஎஸ்டியில் எதிர்த்திசையில் ஒரு சிக்கல் உண்டு: மேசை வாங்கியபோது கட்டிய வரியை உள்ளீட்டு வரி வரவாக எடுத்திருந்தால், அதாவது நிறுவனம் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொண்டிருந்தால், இலவசமாகக் கொடுத்தாலும் அது வரிக்குரிய வழங்கலாகக் கருதப்படும். தணிக்கையாளரிடம் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். வெளிநாட்டு நிறுவனத்தின் நேரடிக் கிளையாக இயங்கும் அலுவலகம் இன்னும் ஒன்றைக் கேட்க வேண்டும். தொண்டு நிறுவனத்துக்குப் பொருள் கொடுப்பதும் வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் வரலாம், அந்தத் தொண்டு நிறுவனத்துக்கு உரிய பதிவு இல்லையென்றால் மாட்டிக்கொள்பவர்கள் அவர்கள்தான்.

வண்டியோடு போக ஒப்படைப்புச் சீட்டு வேண்டும். தமிழ்நாட்டுக்குள் சரக்கின் மதிப்பு ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் இ-வே பில் என்ற ஜிஎஸ்டி சரக்குச் சீட்டும் வேண்டும். பெறுபவரிடமிருந்து இரண்டு கடிதங்கள்: வேண்டியவற்றின் பட்டியலோடு வேண்டுகோள் ஒன்று, பெற்றுக்கொண்ட பின் ஒப்புகை ஒன்று. அரசுப் பள்ளியானால் இருப்புப் பதிவேட்டில் ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள். விற்கக் கூடாது, இத்தனை ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்றெல்லாம் நிபந்தனை எழுதாதீர்கள். கொடுத்த பிறகு அது அவர்களுடையது.

ஐந்தாம் அடி: பழுது, கழற்றல், ஏற்றல்

நாற்காலி பழுது பார்ப்பவர் ஒருவரை ஒரு நாள் அலுவலகத்துக்கே அழையுங்கள். மூன்றாம் வகையிலிருந்து சக்கரம், கைப்பிடி, உருளை எடுத்து இரண்டாம் வகையைச் சரிசெய்துவிடுவார். மூன்று உடைந்த நாற்காலிகளிலிருந்து இரண்டு நல்லவை எழுந்து நிற்பதைப் பார்ப்பது பெரிய மகிழ்ச்சி.

மேசைகளைக் கழற்றுமுன் படம் எடுங்கள். துகள்பலகையில் திருகு ஒரு முறைதான் இறுகப் பிடிக்கும். மின்திருகியால் வேகமாகப் பிடுங்கினால் துளை உதிர்ந்துவிடும், மறுபடி மாட்டும்போது ஆடும். கையால் கழற்றச் சொல்லுங்கள். முடிந்தால் பலகையையும் சட்டத்தையும் பிரிக்காமலே கொண்டுபோங்கள். பிரித்தே தீர வேண்டுமென்றால் இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண் எழுதி ஒட்டுங்கள், திருகுகளை ஒரு பையில் போட்டு அந்தப் பலகையின் அடியிலேயே கட்டுங்கள். இழுப்பறைகளைத் திறந்து காகிதம் எதுவும் இல்லை என்று உறுதிசெய்யுங்கள். ஊழியர்களின் சம்பளச் சீட்டும் வாடிக்கையாளர் ஆவணங்களும் அங்கேதான் ஒளிந்திருக்கும்.

பெறும் இடத்தின் கதவகலத்தையும் மாடிப்படியின் திருப்பத்தையும் முன்னதாகவே போய் அளந்து வாருங்கள். 12 அடிக் கலந்தாய்வு மேசை எந்தப் படிப்பகத்துக்குள்ளும் எளிதில் நுழையாது.

பத்துப் பதினைந்து மேசைக்குள் என்றால் ‘குட்டி யானை’ என்கிற சிறு சரக்கு வண்டி போதும், இரண்டு நடை அடிக்கலாம். அதற்கு மேல் 14 அடி லாரி. ஏற்ற ஆள் இருந்தால் இறக்கவும் ஆள் வேண்டும். பள்ளிப் பிள்ளைகளையோ படிப்பக மாணவர்களையோ சுமக்க விடாதீர்கள். வண்டிக்கூலி, ஏற்றுகூலி, பொருத்துகூலி மூன்றும் கொடுப்பவர் செலவு. இதற்கு மேலாளர் முகம் சுளித்தால் ஒரு வழி சொல்கிறேன்: மூன்றாம் வகையில் மிஞ்சிய இரும்பைக் காயலான் கடையில் எடைக்குப் போட்டு, அந்தக் காசை வண்டிக்கூலியில் கழியுங்கள். கணக்கில் இரண்டையும் காட்டுங்கள்.

கட்டடத்தின் சரக்கு லிஃப்டுக்கும் வாயில் அனுமதிச் சீட்டுக்கும் மூன்று நாள் முன்பே எழுதிக் கொடுங்கள். பல கட்டடங்களில் இரவிலோ ஞாயிற்றுக்கிழமையிலோதான் அனுமதிப்பார்கள். அந்த நேரத்தில் பெறுமிடத்தில் யார் திறப்பார்கள் என்பதையும் உறுதி செய்யுங்கள்.

எவ்வளவு முயன்றாலும் கொஞ்சம் மிஞ்சும். ஊதிய பலகையையும் கிழிந்த நுரையையும் யார் தலையிலும் கட்டாதீர்கள், வெட்டவெளியில் எரிக்கவும் செய்யாதீர்கள். துகள்பலகையின் பசையும் நுரையும் எரிந்தால் வரும் புகை நச்சு. சென்னை மாநகராட்சி 2025 அக்டோபரிலிருந்து பழைய சோபா, மெத்தை, மரச்சாமான் போன்ற பெரிய கழிவுகளைச் சனிக்கிழமைகளில் வந்து பெற்றுக்கொள்கிறது. 1913 என்ற எண்ணில் உங்கள் கழிவின் அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

இறக்கிய பிறகு

பொருத்தி, உட்கார்ந்து பார்த்து, ஆடும் காலுக்குக் கீழே அட்டை வைத்துச் சரிசெய்யும் வரை உங்கள் ஆள் அங்கே இருக்கட்டும். ஆறு உதிரிச் சக்கரம், திருகு முடுக்கும் அறுகோணச் சாவி (ஆலன் கீ) இரண்டு, ஒரு பொட்டலம் திருகு கொடுத்துவிட்டு வாருங்கள். நிறுவனப் பெயரை மேசையில் எழுத வேண்டாம். பிள்ளைகளை வரிசையில் நிறுத்திப் படம் எடுக்கவும் வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து ஒரு தடவை தொலைபேசியில் கூப்பிட்டு, எது உடைந்தது, எது சும்மா கிடக்கிறது என்று கேளுங்கள். சும்மா கிடப்பதை எடுத்து இன்னொரு இடத்துக்குக் கொடுக்க வண்டி அனுப்புங்கள். அந்தத் தொடக்கப் பள்ளியின் 40 நாற்காலிகளில் 31ஐ அப்படித்தான் மீட்டு, குமிழ்க்கால் போட்டு, ஒரு படிப்பகத்துக்குக் கொண்டுபோனோம். பள்ளிக்கு இரண்டு பீரோ வாங்கிக் கொடுத்தோம், பழையதுதான், ஆனால் சாவியோடு. இழுப்பறை, பீரோ எதுவானாலும் சாவியை அதன் கைப்பிடியிலேயே நூலால் கட்டி அனுப்புங்கள். சாவி தனி உறையில் போனால் வழியில் தொலைந்துவிடும். பிறகு பூட்டை உடைத்துத்தான் திறக்க வேண்டியிருக்கும்.